கடைசிப் பதினாறு பக்கம்

முப்பத்திரண்டு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம், பிறருக்கு நான் சிபாரிசு செய்த புத்தகங்களை நான் படித்ததில்லை. முன்னட்டை, பின்னட்டை, முன்னுரையில் முதல் பத்தி, நடுவில் விரல் போன இடத்தில் ஒரு பக்கம், அவ்வளவுதான் என் படிப்பு. இந்த மூலதனத்தை வைத்து ஒரு புத்தகத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். "சார் படிக்காத புஸ்தகமே இல்ல" என்று சிலர் வெளியே போய்ச் சொன்னதாகவும் கேள்வி. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பில் இட்லிச் சட்டி மூடி கீழே விழுந்தது.

இதை இப்போது ஒப்புக்கொள்வதற்குக் காரணம் பவித்ரா. நான் இருந்த நாற்காலியில் இப்போது அவர்தான் நூலகர். போன மாதம் மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார். நூலகத்தில் இளையோர் பகுதி ஒன்று திறக்கிறார்களாம். பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தாங்கள் யார் என்று யோசிக்கிற மாதிரிக் கதைகள், எழுத்தாளர்கள் எப்படி எழுத்தாளர்கள் ஆனார்கள் என்கிற வாழ்க்கை வரலாறுகள் என்று ஐம்பது புத்தகத்துக்குப் பட்டியல் வேண்டுமாம்.

"உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு சார். ஒரு மணி நேரத்துல போட்டுருவிய" என்றார்.

அரை மணி நேரத்தில் போட்டுவிடுவேன். அதுதான் பயம். பட்டியலுக்குப் பதிலாக நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்த்தால் பட்டியலையே எதிர்பார்த்ததாகத்தான் தெரிந்தது.

நான் படித்தது நூலகவியலில் சான்றிதழ்ப் படிப்பு. புத்தகங்களுக்கு எண் போடுவது, அட்டை எழுதுவது, கறையானிடமிருந்து காப்பது எல்லாம் சொல்லித் தந்தார்கள். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எதிரே வந்து நின்று விழித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்கலாம். நான் வகுப்புக்குப் போகாத நாட்களும் உண்டு.

அதைச் சொல்லித் தந்தவர் ஞானசுந்தரி மேடம். எங்கள் கிளைக்குப் பொறுப்பாளராக அவர் வந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது, அவருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. நாசரேத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் வாத்தியார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை மேசையில் கிடக்கும் புத்தகங்களை அடுக்கி, ஓரங்களை உள்ளங்கையால் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருப்பார். என் பதில்கள் வரத் தாமதமானதால் எங்கள் மேசை எப்போதும் ஒழுங்காக இருந்தது.

எந்தப் புத்தகத்தையும் அவர் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். அதற்குக் காரணம் உண்டு. நூலகப் புத்தகத்தில் மூன்று இடத்தில் முத்திரை குத்துவோம். தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, நடுவே எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் பக்கத்தில் ஒன்று. அது எத்தனையாவது பக்கம் என்று இங்கே எழுத மாட்டேன், நான் ஓய்வூதியம் வாங்குகிறவன். பைண்டிங்குக்குப் போய்த் திரும்பும் புத்தகத்தில் மூன்று முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை என்னுடையது. கையெழுத்து அழகாகப் போடுவேன்.

யாராவது வந்து "நல்ல புத்தகமாக் குடுங்க" என்று கேட்டால் நான் அலமாரிக்கு ஓடுவேன். மேடம் ஓட மாட்டார். உட்கார்ந்தபடியே, "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில விட்டிய? எந்த இடத்துல விட்டிய?" என்று கேட்பார். பாலிடெக்னிக் மாணவன் ஒருவன், கதாநாயகனை அவன் அப்பா தட்டிக்கொடுத்துப் பாராட்டுகிற இடத்தில் மூடி வைத்துவிட்டதாகச் சொன்னான். மேடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவே வராத புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அவன் வந்து அதே மாதிரி இன்னொன்று கேட்டான்.

அவரைப் பார்த்து எனக்கும் ஓர் ஆர்வம் வந்து, இளையோருக்கென்று தனி அலமாரி ஒன்றை நானே ஏற்பாடு செய்தேன். பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் சொல்லி, 'நான் யார்?' என்று சிவப்பு எழுத்தில் பலகை எழுதி வாங்கினேன். எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று பேப்பர் படிக்கிற மேசைக்கு எதிரே அலமாரியை வைத்தேன். முதல் நாள் ஒரே ஒரு பெண்பிள்ளை அதன் முன் போய் நின்றது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிய பெரியவர் ஒருவர் பலகையை வாசித்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"ஏளா, நீ யாருன்னு தெரியாமலா நிக்க? நீ நம்ம தாமஸ் மவள்லா" என்றார்.

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்தப் பிள்ளை அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வேறு யாரும் வரவில்லை.

ஒரு மாதம் பார்த்துவிட்டு மேடம் பலகையைக் கழற்றச் சொன்னார். அந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய், அரசு வேலைக்கான போட்டித் தேர்வு வழிகாட்டிகளுக்கு இடையில் கலந்து வைத்தார். பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற இடம் அதுதான். அங்கே நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பெற்றவர்கள் பார்த்தால் பெருமைப்படுவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் புத்தகங்களில், இரவல் போகும் தேதி குத்துகிற தேதித்தாள்கள் நிறையத் தொடங்கின.

"இது ஏமாத்து இல்லையா மேடம்?" என்று கேட்டேன்.

"நிக்கதுக்கு ஒரு சாக்கு வேணும்லா சார்" என்றார்.

ரோஸ்லின் வந்தது அந்த இடத்துக்குத்தான். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. வீடு கடற்கரைப் பக்கம், அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை செய்கிறவர். மேடம் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் விடுப்பில் இருந்தார். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"எழுதுறவங்க எப்படி எழுத வந்தாங்கன்னு அவங்களே எழுதின புத்தகம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் மேடத்தின் கேள்வி வந்தது. "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில விட்ட?"

"எதையும் பாதியில விட மாட்டேன் சார்."

எனக்குத் தெரிந்த முறை அத்தோடு தீர்ந்துபோயிற்று. கடைசிவரை படிக்கிற பிள்ளை என்பதை அப்போதே நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு ஏதாவது கேட்போமே என்று, "நீ எழுதுவியோ?" என்றேன். மூன்று நோட்டு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாள். ஒரு கட்டுரையில் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதிவிட்டாளாம். வகுப்பில் டீச்சர் அதை வாசித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம். இப்போதும் அவள் வாயைத் திறந்தால் அதே மாதிரிப் பேசிக் காட்டுகிறார்களாம். "அதான், எழுதுறவங்களுக்கும் இப்படியெல்லாம் நடந்துருக்கான்னு பாக்கணும்" என்றாள். நூலகத்துக்கென்று தனியாக ஒரு தமிழ் வைத்திருந்தாள், அவ்வளவு கவனமாகப் பேசினாள்.

எனக்கு ஒரு புத்தகம் ஞாபகம் வந்தது. மலையில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த ஒரு பெண், தன் பேச்சை மறைத்து மறைத்துப் பள்ளியில் படித்து, பின்னால் எழுத்தாளரானதைத் தானே எழுதியது. பின்னட்டையும் இரண்டாம் அத்தியாயமும் எனக்கு நன்றாகத் தெரியும். பொருத்தமான புத்தகம், இன்றும் அதைச் சொல்வேன். பைண்டிங் ஆகிப் புத்தம் புது அட்டையோடு வந்திருந்தது.

"கடைசியில அழ வச்சிருவாங்களா சார்?"

"முடிவு பிரமாதம். படிச்சுட்டுச் சொல்லு" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய அம்மா வந்தார். கையில் அந்தப் புத்தகம், ரோஸ்லினின் உறுப்பினர் அட்டை, ஒரு பாக்கெட் மக்ரூன். மேடம் பக்கத்து மேசையில் இருந்தார்.

"செல்லத்துரை அண்ணாச்சி நீங்கதானா?" என்று கேட்டு மக்ரூனை என் முன்னால் வைத்தார். "நல்லா இருப்பிய அண்ணாச்சி. அவ அப்பா மாலியில இருந்து போன் போட்டுச் சத்தம் போட்டும் கேக்காத பிள்ள. எந்நேரமும் நோட்டு, எழுத்து. கணக்குல நாப்பது மார்க்கு. நீங்க குடுத்த புஸ்தகத்தப் படிச்சா. நாலு நாள் பேசவே இல்ல. பொறவு சொல்லுதா, 'எழுதி என்னத்துக்கும்மா, அந்த அம்மாவே எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டு எழுதுறத விட்டுட்டாவ, இந்த ஒரு புஸ்தகத்தோட சரி'ன்னு. நோட்டு மூணையும் அவளே பழைய பேப்பர்க்காரன்ட்ட தூக்கிக் குடுத்துட்டா. இப்பம் கணக்கும் கையுமா இருக்கா. இனிம இங்கன வர மாட்டா, அட்டைய எடுத்துக்கிடுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுப்பு எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையை ஆட்டி, "சரியான ஆளுக்குச் சரியான புத்தகம் போய்ச் சேந்துட்டா அப்படித்தான்" என்றேன். பாக்கெட்டைப் பிரித்து ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் படியிறங்கிப் போகும்வரை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை எடுத்தார். பின்பக்கத்திலிருந்து திறந்தார்.

"கடைசிப் பக்கத்துல முத்திரை எங்க சார்?"

மக்ரூன் வாயில் தானாகக் கரையும் என்பார்கள். அன்றைக்குக் கரையவில்லை.

கடைசிப் பக்கம் இருநூற்று நாற்பது. அதில் அந்தப் பெண் தன் நோட்டுகளை வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகப் போடுகிறாள். 'அதன்பின் நான் எழுதவில்லை' என்ற வாக்கியத்தில் பக்கம் முடிகிறது. அதற்கு எதிரே புதுத் தாள், அதில் நானே பசை தடவி ஒட்டிய தேதித்தாள். மேடம் பதிவேட்டை எடுத்துப் பக்கக் கணக்கைப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்தாறு என்று இருந்தது. ஒரு பாரம், அதாவது கடைசிப் பதினாறு பக்கம், பைண்டரின் கடையிலேயே தங்கிவிட்டது. 'சரிபார்த்தேன்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து அழகாக இருந்தது. ஆதிச்சநல்லூரில் தாழிகளைத் தோண்டியவர்கள், எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்ததையே அடிவரை பார்த்திருக்கிறார்கள். நான் ஒரு புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டவில்லை.

ரோஸ்லினுக்கு முன்னால் இரண்டு பேர் அதை எடுத்துப் போயிருந்தார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் என் வகைப் படிப்பாளிகளாக இருந்திருக்கலாம்.

"நீங்க இதப் படிச்சியளா சார்?" என்று மேடம் கேட்டுவிட்டு, புத்தகங்களைத் தட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு மேசையில் எல்லாவற்றையும் தட்டி முடித்து, அலமாரியின் கீழ்த்தட்டுக்கும் போய்விட்டார்.

"இல்ல மேடம்" என்றேன். பிறகு, "விட்டுருவோமே. அந்தம்மா சந்தோசமாப் போறாவ. பிள்ளையும் படிக்கா. இப்பம் போயி எதுக்கு?" என்றேன்.

"எழுதணுமா வேண்டாமான்னு அந்தப் பிள்ள முடிவு பண்ணட்டும். பைண்டர் முடிவு பண்ணக் கூடாது" என்றார். கீழ்த்தட்டிலிருந்து நிமிர்ந்து, "எழுதினவங்க வாழ்க்கையக் குடுக்கும்போது, அவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சு குடுக்கணும் சார். கேக்கிற பிள்ள அதுக்குத்தான் கேக்குது" என்றார்.

பைண்டரிடம் கேட்டேன். உதிரித் தாளெல்லாம் அட்டைக்கு அடியில் ஒட்டக் கிழித்தாயிற்று என்றார். பழைய பேப்பர் கடைக்கும் போனேன். மூன்று நோட்டா, போன வாரமே லாரியில் போய்விட்டதே என்றார்கள். அது போனது போனதுதான். அந்த மூன்று நோட்டில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புத்தகம் அச்சில் இல்லை. மேடம் இரண்டு நாள் தொலைபேசியும் கையுமாக இருந்து, நாசரேத்தில் ஒரு பழைய பள்ளி நூலகத்தில் பிரதி இருப்பதைக் கண்டுபிடித்தார். வெளியே தர மாட்டார்கள். முதுகு இற்றுப்போனதால் ஜெராக்ஸ் இயந்திரத்தில் கவிழ்க்கவும் விட மாட்டார்கள். உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

"எழுதிட்டு வாங்க" என்றார் மேடம்.

இரண்டு நாள் விடுப்புப் போட்டு, பஸ் ஏறிப் போய் எழுதினேன். எழுதும்போது பின்னட்டை உதவாது, வரி வரியாகத்தான் போக வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பெண் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நிற்கிறாள். கொழுந்து பறிக்கிறவர்களில் ஒருத்தி, மாமியாரோடு போட்ட சண்டையைச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தப் பேச்சை அப்படியே, ஒரு சொல்லையும் திருத்தாமல், எடைச் சீட்டின் பின்பக்கத்தில் இவள் எழுதிப் பார்க்கிறாள். எரித்த நோட்டுகளில் இருந்தது எல்லாம் யாருடைய பேச்சோ என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. அதோடு முடிகிறது. அந்த வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுதினேன். அந்தப் பள்ளி நூலகர் எட்டிப் பார்த்து, "உங்க கையெழுத்தப் படிக்க இன்னொரு ஆளு அனுப்பணும் போலயே சார்" என்றார். அதனால் முதல் ஐந்து பக்கத்தை மறுபடி எழுதினேன்.

மேடம் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் தானே முத்திரை குத்தினார். பைண்டர் அதைச் சேர்த்துத் தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து தாள் தாளாக எண்ணினேன். "என்ன அண்ணாச்சி, சீட்டுக்கட்டா எண்ணுதிய?" என்று அவர் கேட்டார். நான் எழுதியது புத்தகமாக வந்தது அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே, "வாங்க அண்ணாச்சி, மக்ரூன் நல்லா இருந்துச்சா?" என்றார். ரோஸ்லின் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். நடந்ததைச் சொன்னேன். கடைசிப் பாரம் விட்டுப்போனது, நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, அந்தப் பெண் அப்புறமும் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பிரமாதம்னு சொன்னியளே சார். எந்த முடிவு?" என்றாள். நூலகத்துத் தமிழ் அன்றைக்கு இல்லை.

"எந்த முடிவையும் நான் படிக்கலம்மா. சும்மா சொன்னேன்."

"என் நோட்டு போச்சு சார்."

"தெரியும். கடையில போயி கேட்டேன். கெடைக்கல."

அம்மாவுக்கு இப்போதுதான் கணக்கு விளங்கியது. "அப்பம் மறுபடியும் எழுதுன்னு சொல்லவா வந்திய? நல்லா இருக்கே. நான் குடுத்த மக்ரூன் எங்க?"

"தின்னுட்டேன்."

"தின்னுட்டு வந்து இதச் சொல்லுதியளாக்கும்."

நான் எழுதச் சொல்ல வரவில்லை, புத்தகத்தை முழுசாகக் கொடுக்க வந்தேன், அவ்வளவுதான் என்றேன். அந்த அம்மாள் பக்கமும் நியாயம் இருந்தது. கடலுக்குப் போகிற புருஷன், கணக்கில் நாற்பது மார்க் எடுக்கிற பெண், பரீட்சைக்கு மூன்று மாதம். கடைசியில் புத்தகத்தை வாங்கி, "பரீட்ச முடியுத மட்டும் இது பீரோவுல கெடக்கும். பொறவு அவ பாடு" என்று உள்ளே கொண்டுபோனார். பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது. ரோஸ்லின் அதைத் தடுக்கவில்லை, எனக்கு நன்றியும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். புத்தகம் பீரோவில் இருந்ததால், பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நானே தேதியை மாற்றி மாற்றி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். உறுப்பினர் அட்டையை ரத்து செய்யாமல் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பீரோவுக்குள் கிடக்கிற ஒரு புத்தகத்தைப் பற்றி அவ்வளவு நாள் நான் யோசித்ததில்லை. அந்த நாட்களில்தான் சிபாரிசு செய்கிற புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கடைசிவரை படிக்க ஆரம்பித்தேன். என் பேச்சு குறைந்துபோயிற்று. கால் மணி நேரம் பேசின புத்தகத்துக்கு, "இது மெதுவாப் போகும், பரவால்லயா?" என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இருப்பதில்லை. என் பெயரும் கொஞ்சம் கெட்டது, சாருக்கு முன்ன மாதிரி ஞாபகம் இல்லை என்றார்கள்.

பவித்ராவுக்கு நான் சொல்லக்கூடியது இதில் எங்கேயாவது இருக்கும். பட்டியலை அவர் போடட்டும், ஐம்பது வேண்டாம், அவர் முடிவுவரை படித்தது எத்தனையோ அத்தனை போதும். தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவில் கலந்து வைக்கட்டும். பலகை மட்டும் வேண்டாம்.

பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்த பிறகு, மே மாத வெயிலில் ஒரு நாள் ரோஸ்லின் நூலகத்துக்கு வந்தாள். கணக்கில் எவ்வளவு என்று கேட்டேன், எழுபத்தொன்று என்றாள். புத்தகத்தை மேசையில் வைத்தாள். மேடம் வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திறந்து முத்திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்துப் பக்கங்களின் ஓரங்கள் கொஞ்சம் அழுக்காகியிருந்தன, நாலைந்து தடவையாவது புரட்டியிருக்க வேண்டும். எழுதுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். மேடம் ஒரு புத்தகத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்ததால் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

"முடிவு எப்படிம்மா இருந்துச்சு? இந்தத் தடவை நெசமாவே படிச்சுட்டுக் கேக்கேன்" என்றேன்.

இழுப்பறையிலிருந்து நான் எடுத்து நீட்டிய உறுப்பினர் அட்டையை அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நானா இருந்தா வேற மாதிரி முடிச்சிருப்பேன் சார்."